மூன்றடுக்குக் கல்யாண கேக்கைத் தோட்டத்து வீட்டிலிருந்து ஈப்போ மண்டபம் வரை காரில் உடையாமல் கொண்டுபோவது எப்படி?

வீட்டிலேயே மூன்றையும் அடுக்கி அப்படியே ஏற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கீழ் இரண்டு அடுக்கைச் சேர்த்து ஏற்றுங்கள், மேலடுக்கு தனிப் பெட்டியில் வரட்டும். மண்டபத்தில் தூக்கி வைக்கப் பத்து நிமிடம் போதும்.

நான் மலேசியாவில், ஈப்போவுக்கு வடக்கே சுங்கை சிப்புட் பக்கம் ஒரு எஸ்டேட் தோட்டத்தில் வீட்டிலேயே கேக் செய்து விற்கிறேன். முதல் கல்யாண கேக், சின்னம்மா மகளுக்கு. இரண்டடுக்கு, பட்டர் கிரீம். பின் இருக்கையில் வைத்து, பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். செம்மண் சாலைக் குழிகளுக்குத்தான் பயந்தோம், அத்தான் மாட்டுவண்டி மாதிரி ஓட்டினார். அதெல்லாம் தாண்டிவிட்டோம். தார் சாலை ஏறி, கந்தான் பக்கம் கல் லோரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து, மண்டபத்தில் பெட்டியைத் திறந்தால் மேலடுக்கு இரண்டு விரல் அகலம் நகர்ந்து கோணிக்கொண்டு நிற்கிறது. அத்தான் வாயே திறக்கவில்லை. சின்னம்மாதான், "விடும்மா, அந்தப் பக்கம் பூவை வச்சிருவோம்" என்று மேடை அலங்காரத்திலிருந்து நாலு ரோஜாவைப் பிடுங்கி வந்தார்.

குழி மேல் பழி போட்டுப் பயனில்லை. கார் இருக்கை பின்பக்கம் சரிந்திருக்கும், வழி முழுக்க கேக் சாய்ந்தே வந்திருக்கிறது. அதோடு வெயில். பட்டர் கிரீமில் இருக்கும் வெண்ணெய் 32 டிகிரியிலேயே உருக ஆரம்பித்துவிடும், நம் ஊர் மத்தியானமே அவ்வளவு இருக்கும். வெயிலில் நின்ற காருக்குள் இன்னும் அதிகம்.

அதனால் கேக்கை முதல் நாள் இரவே பிரிட்ஜில் வைத்து இறுகவிடுங்கள். கிளம்புவதற்குக் கால் மணி நேரம் முன்பே ஏர்கோன் ஓடட்டும். பெட்டியைச் சரிவில்லாத சமமான இடத்தில் வையுங்கள். மைவி மாதிரி, பின்கதவைத் தூக்கித் திறக்கும் சின்னக் கார் என்றால் பின்னால் சாமான் வைக்கும் இடம்தான் சரி, ஏர்கோன் காற்றும் அங்கே போகும். பின் இருக்கையை மடக்கினால் அதிலும் சரிவு உண்டு, துண்டை மடித்துக் கொடுத்துச் சமன்செய்யுங்கள். கைப்பேசியில் இருக்கும் மட்டம் பார்க்கும் வசதி இதற்குப் போதும். பெட்டிக்கு அடியில் மலிவு விலைக் கடையில் விற்கும் வலை மாதிரி ரப்பர் விரிப்பு. இது இல்லாமல் நான் இப்போது கிளம்புவதே இல்லை.

கேக்குக்கு உள்ளே தாங்குவதற்குப் பபள் டீ குடிக்கும் தடித்த ஸ்ட்ரா. கீழடுக்கின் உயரத்துக்குச் சரியாக வெட்டி, ஆறேழு குத்துங்கள். ஒன்று நெட்டையாக இருந்தாலும் மேலடுக்கு ஆடும். ஒவ்வொரு அடுக்குக்கும் தனி அட்டை வேண்டும். இரண்டையும் சேர்த்து நடுவில் ஒரு மரக்குச்சி, முனையைப் பென்சில் மாதிரி சீவி அடித்து இறக்கினால் பக்கவாட்டில் நகராது.

என்னைக் கேட்டால் வெளியூர்க் கல்யாணத்துக்குப் பட்டர் கிரீமே வேண்டாம். 3 பங்கு டார்க் சாக்லேட்டுக்கு 1 பங்கு கிரீம் போட்ட கனாஷ் பூசுங்கள், வெயிலைத் தாங்கும். ஃபாண்டன்ட், அதாவது மாவு மாதிரித் தேய்த்துப் போர்த்தும் சர்க்கரைப் பூச்சு, போட்டிருந்தால் பிரிட்ஜிலிருந்து எடுத்ததும் முத்து முத்தாக வேர்க்கும். துடைக்காதீர்கள், கறை விழும். பெட்டியை மூடியே வைத்தால் தானாகக் காயும்.

விருந்து ஏழு மணி என்றால் நாலு மணிக்கே கிளம்பிவிடுங்கள். கையில் கொஞ்சம் கிரீம், தட்டைக் கத்தி, கத்தரிக்கோல், ஈரத் துணி இருக்கட்டும். ஓட்டுபவரிடம் லோரியை ஒட்டிப் போகாமல் இடைவெளி விடச் சொல்லுங்கள், திடீர் பிரேக்தான் ஆபத்து. அப்புறம், போனவுடன் கேக்கை இறக்காதீர்கள். முதலில் மேசையை ஆட்டிப் பாருங்கள். போன மாதம் ஒரு மண்டபத்தில் மேசையின் ஒரு கால் குட்டை, அழைப்பிதழ் இரண்டை மடித்துச் சொருகித்தான் நிறுத்தினேன்.