ஒரே நாளில் நெல்லையின் பழைய கோயிலும் காட்டு மலையும் பார்க்க முடியுமா?

முடியும், ஆனால் விடியலிலேயே கிளம்ப வேண்டும். நண்பகலில் கோயில் நடை சாத்திவிடுவார்கள், மாலையில் வனத்துறைச் சோதனைச் சாவடி மூடிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் உங்கள் நாள்.

முதலில் டவுனில் நெல்லையப்பர் கோயில். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய சிறு தூண்கள் தட்டினால் வெவ்வேறு சுரத்தில் ஒலிக்கும். வருகிறவர்கள் எல்லாம் தட்டித் தட்டியே தேய்த்துவிட்டார்கள். நீங்களாவது கையைக் கட்டிக்கொண்டு பாருங்கள். நடராசரின் ஐந்து நடன சபைகளில் ஒன்றான தாமிர சபையும் இங்கேதான். அதன் மரவேலைப்பாட்டைப் பார்க்காமல் அல்வா வாங்க ஓடுகிறவர்களே அதிகம்.

பிறகு அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம். பொதிகையில் பிறந்த தாமிரபரணி சமவெளியைத் தொடுகிற இடம். நவகைலாயம் எனப்படும் ஒன்பது சிவத்தலங்களில் முதல் தலம். படித்துறையில் மீன்கள் காலைக் கடிக்கும், பயப்பட வேண்டாம்.

அதற்கு மேல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். உள்ளே காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயில். ஆடி அமாவாசைக் கூட்டத்தில் காட்டைப் பார்க்க முடியாது, தலைகளைத்தான் பார்க்கலாம். பிளாஸ்டிக் பைகளைக் கீழேயே விட்டுவிடுங்கள். மழைக்காலத்தில் பாதையை அடைத்திருக்கலாம், விசாரித்துவிட்டு ஏறுங்கள்.