பிள்ளையின்ர கிறெடிற்றுக்கு ஆர்ஈஎஸ்பியை உடைக்கலாமோ?

கேள்வி (2025): வணக்கம் அண்ணா, நாங்கள் ஒன்ராறியோவில மார்க்கம் நகரத்தில இருக்கிறம். மகள் 2008 நவம்பரில பிறந்தவ, வாற செப்ரெம்பர் கிறேட் 12 போறா. கிறேட் 11 ஃபங்ஷன்ஸ் எண்ட கணக்குக் கோர்சில 74 தான், வேற ஒரு கோர்சையும் இடையில விட்டிட்டா, அதால 24 இருக்கவேண்டிய இடத்தில 23 கிறெடிற் தான் இருக்கு. யூனிவேர்சிற்றியில பிசினஸ் படிக்க ஆசை. தெரிஞ்ச அக்கா ஒராள் சொல்லுறா ஒரு பிரைவேற் ஸ்கூலில ஒன்லைனில எடுத்தா 90க்கு மேல நிச்சயம் எண்டு. ஒரு கோர்ஸ் 700 டொலர், மூண்டுக்கு 2,100. இந்த வருச ராக்ஸ் றிஃபண்ட் அவ்வளவு இருக்கு, ஆனா அதைத் தொடாம ஆர்ஈஎஸ்பியில (பிள்ளையின்ர மேற்படிப்புக்கு எண்டு போடுற சேமிப்புக் கணக்கு) இருந்து எடுப்பமோ எண்டும் யோசிக்கிறம், அதுவும் படிப்புக்குத்தானே. 2013 தையில இருந்து மாசம் 100 போடுறம். பிள்ளை வளந்திட்டா, இனி அதையும் நிப்பாட்டலாம் எண்டு இவர் சொல்லுறார். என்ன செய்ய? – ஒரு அம்மா

பதில்: ரெண்டும் வேண்டாம் தங்கச்சி. றிஃபண்டையும் அங்க கட்டவேண்டாம், ஆர்ஈஎஸ்பியையும் தொடவேண்டாம். ஏன் எண்டு சொல்லுறன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல் ஆர்ஈஎஸ்பி. அதுக்குள்ள இருக்கிற கிராண்டும் (நீங்கள் போடுற காசுக்கு அரசாங்கம் சேர்த்துத் தாறது) வளர்ச்சியும் கொலிஜ், யூனிவேர்சிற்றி, தொழிற்பயிற்சி மாதிரி ஹைஸ்கூலுக்குப் பிறகு வாற படிப்புக்கு மட்டும் தான். ஹைஸ்கூல் கிறெடிற் அதுக்குள்ள வராது. நீங்கள் போட்ட முதலை எடுக்கலாம், அது உங்கட காசு, ஆனா பிள்ளை ஹைஸ்கூலில இருக்கேக்க எடுத்தா அதுக்கு அரசாங்கம் தந்த 20 வீதத்தை வங்கி திருப்பி அனுப்பிப்போடும். 2,100 எடுத்தா 420 போச்சு. அதோட பிரைவேற் ஹைஸ்கூல் ஃபீசை ராக்சில கழிக்கவும் ஏலாது, யூனிவேர்சிற்றிக்குத் தாற மாதிரி ரியூஷன் ஸ்லிப் இதுக்கு இல்லை.

இப்ப மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. கிராண்ட் கிடைக்கிறது பிள்ளைக்கு 17 வயசாகிற வருசம் முடியும் வரைக்கும். உங்கட மகளுக்கு அது 2025, இந்த வருசம் தான், மார்கழி 31 ஓட கதவு பூட்டு. 2013 இல இருந்து 2024 வரைக்கும் 12 வருசம், வருசம் 1,200 போட்டு 240 எடுத்திருக்கிறியள், மொத்தம் 2,880. ஒரு பிள்ளைக்கு வாழ்நாளில 7,200 வரைக்கும் எடுக்கலாம், அப்ப நீங்கள் எடுக்காம விட்டது கனக்கக் கிடக்கு. பழைய வருசங்களில விட்டதை ஒரேயடியாப் பிடிக்க ஏலாது, ஒரு வருசத்துக்கு கூடினது 1,000 டொலர் கிராண்ட், அதுக்கு 5,000 போடவேணும். நீங்கள் மாசம் 100 போட்டுக்கொண்டு போனா இந்த வருசம் 240 வரும். அதுக்கு மேல அந்த 2,100ஐயும் போட்டா இன்னொரு 420. எடுத்தா 420 போகுது, போட்டா 420 வருது, ஒரே இலக்கம் தான், பக்கம் தான் வேற.

(சிலபேர் சொல்லுவினம் 16, 17 வயசில கிராண்ட் தராயினம் எண்டு. அது 15 வயசாகிற வருசம் முடியிறதுக்குள்ள போதிய அளவு போடாத ஆக்களுக்கு. நீங்கள் நாலு வயசில இருந்து விடாம போட்டனீங்கள், அந்தப் பிரச்சினை உங்களுக்கு இல்லை.)

அவர் நிப்பாட்டலாம் எண்டு சொன்னதில பிழையில்லை, ஆனா ஆறு மாசம் முந்திச் சொல்லிப்போட்டார். வாற தையில நிப்பாட்டச் சொல்லுங்கோ.

சரி, படிப்புக்கு வருவம். நீங்கள் ரெண்டு விசயத்தைப் போட்டுக் குழப்புறியள் எண்டு நினைக்கிறன், எங்கட ஆக்கள் கனபேர் இப்பிடித்தான். டிப்ளோமா எடுக்கிறது வேற, யூனிவேர்சிற்றிக்கு அவரேஜ் காட்டுறது வேற. டிப்ளோமாவுக்கு ஒன்ராறியோவில 30 கிறெடிற் வேணும், ஒரு கிறெடிற் எண்டா 110 மணித்தியாலப் படிப்பு, 50 எடுத்தாலே பாஸ். மகள் 2022 இல கிறேட் 9 தொடங்கினவ, அவவின்ர செற்றுக்கு 18 கட்டாயம், 12 விரும்பினது. கட்டாயத்துக்குள்ள இங்கிலிஷ் நாலு, கணக்கு மூண்டு, சயன்ஸ் ரெண்டு, பிரெஞ்சு, ஹிஸ்ரறி, ஜியோகிரஃபி, இப்பிடிப் போகும். (2024 செப்ரெம்பரில இருந்து கிறேட் 9 தொடங்கின பிள்ளையள் வீட்டில இருந்தா அவைக்கு 17ம் 13ம், அதில ஒண்டு ரெக்னோலஜி கட்டாயம்.) 23 கையில இருக்கு, கிறேட் 12 இல வழமையா எட்டு எடுப்பினம், 31 ஆகுது. காணும். ஒரு காசும் செலவழிக்கத் தேவையில்லை.

அதை விட வேற மூண்டு சாமான் இருக்கு, அதில தான் பிள்ளையள் கடைசி நேரத்தில மாட்டுப்படுறது. 40 மணித்தியாலம் தொண்டு வேலை முடிச்சிட்டாவோ? சம்பளத்துக்குச் செய்த வேலை அதில சேராது, லைப்ரறி, ஃபூட் பாங்க், சனிக்கிழமை தமிழ் வகுப்பில சின்னப் பிள்ளையளுக்கு உதவினது இதெல்லாம் பள்ளிக்கூடத்தில முதலே கேட்டுப்போட்டுச் செய்யலாம். கிறேட் 10 இல வைக்கிற லிற்றறசி ரெஸ்ற் (வாசிப்பு, எழுத்துச் சோதினை) பாசோ? ஃபெயில் எண்டாலும் அதுக்குப் பதிலா ஒரு கோர்ஸ் இருக்கு. மூண்டாவது, ரெண்டு ஒன்லைன் கிறெடிற், அது வேண்டாம் எண்டா பெற்றோர் ஒரு படிவத்தில கையெழுத்து வைச்சு விலக்கலாம். 94 அவரேஜ் இருந்தும் 11 மணித்தியாலம் குறைஞ்சு ஜூன் மாசம் ஓடித் திரிஞ்ச பிள்ளையை நான் பாத்திருக்கிறன்.

இனி யூனிவேர்சிற்றி. அவை பாக்கிறது கிறேட் 12 இல எடுக்கிற ஆறு 4யூ (யூனிவேர்சிற்றிக்கானது) அல்லது 4எம் (யூனிவேர்சிற்றி, கொலிஜ் ரெண்டுக்கும் பொதுவானது) கோர்ஸ். இங்கிலிஷ் கட்டாயம், பிசினஸுக்கு அனேகமான இடங்களில 4யூ கணக்கும் கேப்பினம், சில இடம் கல்குலஸும். கிறேட் 11 மார்க்ஸை நேரத்தோட ஓஃபர் குடுக்கிறதுக்குச் சில இடங்கள் பாக்கும், அவ்வளவு தான், அந்த 74 தலையெழுத்து இல்லை. ஆனா ஒண்டு, கிறேட் 11, 12 இல எடுத்த கோர்ஸ் எல்லாம் ரான்ஸ்கிறிப்ரில (மார்க்ஸ் பதிவுப் பத்திரத்தில) விழும், திருப்பி எடுத்தா ரெண்டு மார்க்கும் தெரியும். விடப்போறா எண்டா மிட்ரேர்ம் றிப்போட் வந்து ஐஞ்சு பள்ளிக்கூட நாளுக்குள்ள விட்டுப்போடவேணும், அப்ப தடயமே இருக்காது. போன முறை விட்டது அந்த நாளுக்குள்ளயோ எண்டு பள்ளிக்கூடக் கைடன்ஸ் ஒஃபிசில கேட்டுப் பாருங்கோ.

அந்த ஆறையும் காசில்லாம எடுக்க வழி கிடக்கு. பகல் பள்ளிக்கூடம், ஸ்கூல் போர்ட் நடத்திற சமர் ஸ்கூல், நைற் ஸ்கூல், ஒன்லைன் எல்லாம் இங்க இருக்கிற ஹைஸ்கூல் பிள்ளையளுக்கு இலவசம். வரியாக் கட்டின காசு தானே, பேந்தேன் திருப்பிக் கட்டுறியள்? எங்கட பிள்ளையளுக்கு இன்னொரு வழி, போர்ட் நடத்திற சனிக்கிழமை தமிழ் கிறெடிற் வகுப்பு. அதில கிறேட் 12 யூனிவேர்சிற்றிக் கோர்ஸ் எண்டது ஆறில ஒண்டா நிக்கக்கூடியது. மகள் தமிழ் வாசிச்சு எழுதுவாவோ? வீட்டில கதைச்சா மட்டும் காணாது. போகப்போற புறோகிராம் அதை எடுக்குமோ எண்டு அவையின்ர பக்கத்தில ஒருக்காப் பாருங்கோ. பியானோ, வயலின் படிச்சவ எண்டா றோயல் கொன்சேர்வற்றறி சங்கீதச் சோதினையில லெவல் 8, பிராக்டிகலும் தியறியும் முடிச்சா கிறேட் 12 மியூசிக் கிறெடிற் ஒண்டு தருவினம், லெவல் 7க்கு கிறேட் 11 கிறெடிற். கன வீடுகளில சேர்ட்டிஃபிக்கற் லாச்சிக்குள்ள கிடக்கும், ஒருத்தரும் பள்ளிக்கூடத்தில குடுத்திருக்காயினம். கோ-ஒப்பும் (வேலைத்தளத்தில போய்ப் பழகிற கோர்ஸ்) கிறெடிற் தான், வேலை அனுபவத்துக்கு நல்லது, ஆனா அந்த ஆறுக்குள்ள வராது.

இப்ப அந்த 90. நான் எல்லா பிரைவேற் ஸ்கூலையும் பிழை சொல்லேல்லை, வருத்தம் துன்பத்தால பகல் பள்ளிக்கூடம் போக ஏலாத பிள்ளையளுக்கு நல்லா நடத்திற இடங்களும் இருக்கு. ஆனா மார்க்ஸை முதலே நிச்சயம் எண்டு சொல்லி விக்கிற இடம் எண்டா எனக்குக் கை நடுங்கும். ஒன்ராறியோவில பிரைவேற் ஸ்கூல் ரீச்சர் லைசென்ஸ் வைச்சிருக்கவேணும் எண்டு சட்டம் இல்லை. டிப்ளோமா கிறெடிற் குடுக்க அந்த இடத்துக்கு அனுமதி இருக்கோ எண்டு கல்வி அமைச்சின்ர லிஸ்ற்றில பாக்கலாம், அது இல்லாட்டி 700 டொலர் வெறும் கடுதாசிக்கு. போட்டி கூடின சில இடங்கள், வாட்டர்லூ எஞ்சினியரிங் மாதிரி, பகல் பள்ளிக்கூடத்துக்கு வெளியில ஏன் எடுத்தனீங்கள் எண்டு காரணம் கேக்கும். என்ர சொந்தத்துக்குள்ள ஒரு பெடியன் இப்பிடி எங்கயோ கல்குலஸில 94 எடுத்து உள்ள போனவன், முதல் வருசக் கல்குலஸில விழுந்தான், அதை யூனிவேர்சிற்றி விலையில திருப்பி எடுத்தான், அப்பன்காரன் இண்டைக்கும் அந்தக் கணக்கைச் சொல்லிச் சொல்லிப் பெருமூச்சு விடுறார்.

நானா இருந்தா 2,100ஐ இப்பிடிப் பிரிப்பன். 600ஐ எடுத்து இந்த யூலையில இருந்து ஃபங்ஷன்ஸில எங்க ஓட்டை எண்டு பாத்து அடைக்க ஒரு நல்ல கணக்கு ரியூற்றரிட்ட விடுவன், 1,500ஐ ஆர்ஈஎஸ்பிக்குப் போடுவன், 300 கிராண்ட் வரும். கணக்கு விளங்கினா மார்க்ஸ் தன்பாட்டில வரும், விளங்காட்டி 2,100 கட்டி ஒரு வருசம் ஒளிச்சு வைக்கலாம், அவ்வளவு தான்.

மகள் யூனிவேர்சிற்றி போன உடன முதல் 13 கிழமைக்கு கிராண்ட், வளர்ச்சிப் பக்கத்தில இருந்து 8,000 வரைக்கும் எடுக்கலாம், அது அவவின்ர வருமானமாத்தான் கணக்கு, வேற பெரிய வருமானம் இல்லாட்டி வரி அனேகமா வராது. நீங்கள் போட்ட முதலுக்கு அந்த எல்லை இல்லை, அப்ப எடுக்கேக்க கிராண்ட் திருப்பவும் தேவையில்லை.

காசு போடுறதை மார்கழி கடைசிக் கிழமை வரைக்கும் இழுக்காதேங்கோ, நத்தார் லீவுக்குள்ள வங்கியில ஒருத்தரையும் பிடிக்க ஏலாது. கார்த்திகைக்குள்ள போட்டு, இந்த வருசக் கணக்கில ஏறினதோ எண்டு ஸ்ரேற்மென்ரில பாருங்கோ.