டெஸ்டர் தடவித் தடவிப் புண்ணான கை

கேள்வி: என் வயது 26. சருமப் பராமரிப்புப் பொருட்கள் விற்கும் கடையில் எட்டு மாதமாக வேலை பார்க்கிறேன். கிரீம், சீரம் எதுவானாலும் என் இடது புறங்கையில் தடவித்தான் வாடிக்கையாளர்களுக்குக் காட்டுவேன். ஒரு நாளைக்கு இருபது தடவையாவது சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். இரண்டு மாதமாக விரல் இடுக்குகள் சிவந்து, அரித்து, வெடிக்கின்றன. முகத்துக்கும் கடையில் விற்கிற ஆறேழு பொருட்களைப் பயன்படுத்துகிறேன். இப்போது எதைப் போட்டாலும் எரிகிறது. வேலையை விட வேண்டியிருக்குமா? சருமம் நன்றாக இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பவர்களுக்கு நான் என்ன சொல்வது?

பதில்: வேலையை விடும் பேச்சு இப்போது வேண்டாம். முதலில் கையைக் கவனிப்போம்.

நேரில் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், வேலையால் வரும் தொடுதோல் அழற்சியாகத் தோன்றுகிறது, அதாவது தோலில் படும் பொருட்களால் வரும் அழற்சி. மோதிரம் போடுபவராக இருந்தால் கழற்றி, அதன் அடியில் இருக்கும் தோலைப் பாருங்கள். சோப்பு நீர் தங்குகிற இடம் அது. பலருக்கு அரிப்பு அங்கேதான் தொடங்கும், பிறகு விரல் இடுக்குக்குப் பரவும். உள்ளங்கைத் தோல் தடிமனானது, தாங்கிக்கொள்ளும். புறங்கையின் வெளிப்படலம் எழுதும் தாளைவிட மெல்லியது. அந்த மெல்லிய படலத்தில் உள்ள கொழுப்புதான் உள்ளே ஈரத்தைக் காக்கிறது. சருமத்தின் பிஎச் அளவு (அமிலமா காரமா என்று காட்டும் எண்) ஏறத்தாழ 5. சாதாரண சோப்பினுடையது 9 முதல் 10 வரை; காரமான அது இந்தக் கொழுப்பைக் கழுவிக்கொண்டு போய்விடும். நாளுக்கு இருபது தடவை கழுவினால், போன கொழுப்பு திரும்பி ஊறுவதற்கு நேரம் எங்கே இருக்கிறது?

இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உறுத்தலால் வருவது. கழுவுவதும் துடைப்பதும் அமிலம் கலந்த சீரம்களும் சேர்ந்து தோலை அரித்துவிடும்; இது யாருக்கும் வரலாம். இன்னொன்று ஒவ்வாமை. குறிப்பிட்ட ஒரு பொருளை உடம்பு ‘வேண்டாதது’ என்று நினைவில் வைத்துக்கொள்ளும். வாசனைப் பொருட்கள், மெத்தில்ஐசோதயசோலினோன் போன்ற பதப்படுத்திகள் அடிக்கடி இதற்குக் காரணமாகின்றன. பட்ட உடனே அரிக்காது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் அரிக்கும். திங்கட்கிழமை தடவிய கிரீமுக்கு புதன்கிழமை அரித்தால், அன்று தொட்ட பொருள் மேல்தான் உங்களுக்குச் சந்தேகம் வரும். அதனால் சொந்தமாக ஊகிக்காமல் தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்வது நல்லது. சந்தேகப்படும் பொருட்கள் வைத்த சிறு பட்டைகளை முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்து எடுத்துப் பார்ப்பார்கள். அப்புறம் ஒன்றிரண்டு நாளில் மறுபடியும் பார்ப்பார்கள்.

நாளைக்கே மாற்ற வேண்டியது ஒன்று: உங்கள் கையில் தடவிக் காட்டுவதை நிறுத்துங்கள். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கிப் போடும் குச்சியால் எடுத்து வாடிக்கையாளரின் முன்னங்கையிலேயே வையுங்கள். வாங்கப் போவது அவர்தான், படிவதும் அவர் தோலில்தான் தெரிய வேண்டும். கையில் அழுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சோப்பு. மற்ற நேரத்தில் கிளிசரின் கலந்த சானிடைசர் போதும். பலர் நம்ப மாட்டார்கள், ஆனால் திரும்பத் திரும்ப சோப்புப் போடுவதைவிட அது தோலுக்குக் குறைவான தொல்லையே தரும். வெடிப்பு இருக்கும்வரை எரியும், அதற்காக அது கெடுதல் என்று அர்த்தம் இல்லை. கழுவினால் வெந்நீர் வேண்டாம். விரல் இடுக்குகளை ஒற்றித் துடைத்துவிட்டு, ஈரம் முழுக்கக் காயும் முன் மாய்ஸ்சரைசர் தடவுங்கள். இரவில் பெட்ரோலியம் ஜெல்லியைத் தாராளமாகப் பூசி, பருத்திக் கையுறை போட்டுக்கொண்டு தூங்கலாம். சில நாட்களுக்கு ஸ்டீராய்டு களிம்பும் தேவைப்படலாம். அதை மருத்துவர் எழுதித் தரட்டும். கைக்குக் கொடுத்த களிம்பை முகத்தில் தடவிவிடாதீர்கள்.

சரி, முகம். முகம் எரிகிறது என்று வருபவர்களிடம், வீட்டில் இருக்கிற எல்லாப் புட்டிகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வேன். மேசையில் வரிசையாக வைத்துப் படித்தால் ஃபேஸ்வாஷ், டோனர், சீரம் மூன்றிலும் தோலை உரிக்கும் ஒரே கிளைகோலிக் அமிலம் இருக்கும். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நல்ல பொருள்தான், சேரும்போதுதான் எரிகிறது. உங்கள் ஆறேழு புட்டிகளையும் இன்றே இப்படி அடுக்கிப் பாருங்கள். நான்கு வாரத்துக்கு மென்மையான கிளென்சர், வாசனை சேர்க்காத மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் இந்த மூன்று மட்டும் போதும். மேல்தோல் தன்னைப் புதுப்பித்துக்கொள்ள ஏறத்தாழ அவ்வளவு காலம் ஆகும். எரிச்சல் நின்ற பிறகு, இரண்டு வாரத்துக்கு ஒன்று என்ற கணக்கில் பழைய பொருட்களைத் திரும்பச் சேர்த்துப் பாருங்கள்.

வாடிக்கையாளர்களுக்கும் இந்த மூன்றையே முதலில் சொல்லுங்கள். சன்ஸ்கிரீனில் எஸ்பிஎஃப் (வெயில் பாதுகாப்பு எண்) 30 நல்லதா 50 நல்லதா என்று அரை மணி நேரம் யோசிப்பவர்கள் உண்டு. 30 போட்டால், தோலைச் சுடும் புறஊதா பி கதிரில் 97 சதவீதம் தடுக்கப்படும், 50 போட்டால் 98. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் தடவினால்தான் இந்தக் கணக்கெல்லாம் செல்லும். பெரும்பாலானோர் அதில் பாதிகூடத் தடவுவதில்லை. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும் என்று உங்கள் விரலை நீட்டியே காட்டுங்கள். வெயிலில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி தடவ வேண்டும். மங்கு இருப்பவர்களுக்கு இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்கிரீனைக் காட்டுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கருக்க வைக்கும், நிறமில்லாதவை அதைச் சரியாகத் தடுப்பதில்லை.

புதுப் பொருள் வாங்குகிறவரிடம், முழங்கையின் உள்மடிப்பில் ஒரு வாரம், நாளுக்கு இருமுறை தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். கழுவிவிடுகிற பொருளுக்கு இது பொருந்தாது. கர்ப்பிணி என்று தெரிந்தால் ரெட்டினால் (வைட்டமின் ஏ வகை) உள்ளதைக் கொடுக்காதீர்கள். தழும்பு விழும் பருக்களோ, உருவமும் நிறமும் மாறுகிற மச்சமோ இருந்தால் எதையும் விற்காமல் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். அன்று ஒரு விற்பனை குறையும், பரவாயில்லை. ‘ஒரு வாரத்தில் வெளுப்பாகலாம்’ என்று வரும், உட்பொருள் பட்டியலே இல்லாத கிரீம்களை நீங்களும் தொடாதீர்கள். அவற்றில் பாதரசமோ ஸ்டீராய்டோ இருக்கக்கூடும். பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013-இல் நாடுகள் போட்ட மினமாட்டா உடன்படிக்கை, அது கலந்த அழகுப் பொருட்களையும் ஒழிக்கச் சொல்கிறது.

விடுமுறை நாட்களில் கை ஆறுகிறதா, வேலைக்குப் போனதும் திரும்ப அரிக்கிறதா என்று குறித்து வையுங்கள். சீழ், வீக்கம், காய்ச்சல் தெரிந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாமல், இரண்டு வாரம் இதையெல்லாம் செய்தும் குறையவில்லை என்றாலும் போய்விடுங்கள். போகும்போது, நீங்கள் அதிகம் கையாளும் பொருட்களின் உட்பொருள் பட்டியலைப் படம் எடுத்துக்கொண்டு போங்கள். முதுகில் எதை ஒட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்ய மருத்துவருக்கு அது தேவைப்படும்.