உப்புக்கு ஒரு வழி, சீனிக்கு இன்னொரு வழி

ஆண்டிறுதித் தேர்வு நெருங்குவதால் கடிதங்களில் பெரும்பாலானவை கலவைகளைப் பற்றியே வந்திருக்கின்றன. பல ஆண்டுகள் உயர்நிலைப் பள்ளியில் வேதியியல் கற்பித்த எனக்கு மிகவும் பிடித்த பாடம் இது. அதனால் சில பதில்கள் கொஞ்சம் நீண்டுவிட்டன.

கேள்வி: டீச்சர், என் மகள் உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். சீனிக் கரைசலிலிருந்து சீனியை எப்படிப் பிரிப்பாய் என்ற கேள்விக்கு, ‘நீர் முழுவதும் வற்றும்வரை சூடாக்குவேன்’ என்று எழுதினாள். மதிப்பெண் கிடைக்கவில்லை. உப்புக்கு அதே பதில் சரியாம். இரண்டும் தண்ணீரில் கரைகிற வெள்ளைப் பொருள்தானே? எந்தக் கலவைக்கு எந்த முறை என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தும் குழம்புகிறாள். – ஒரு தாய், ஈசூன்

பதில்: அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வைக்கச் சொல்லுங்கள். கலவையில் இருக்கும் பொருள்கள் ஒன்றோடொன்று வேதியியல் முறையில் இணைந்திருக்கவில்லை. ஒவ்வொன்றும் தன் குணத்தோடுதான் இருக்கிறது. அதனால் உங்கள் மகள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘எந்த முறை?’ என்பதல்ல, ‘இந்த இரண்டுக்கும் எந்தக் குணம் வேறுபடுகிறது?’ என்பதுதான். மணலும் உப்பும் கலந்திருந்தால் துகள் அளவு உதவாது, காந்தமும் உதவாது. ஆனால் உப்பு நீரில் கரையும், மணல் கரையாது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் கரைத்தல், வடிகட்டல், ஆவியாக்கல் என்று முறைகள் தாமாகவே வரிசையில் வந்து நிற்கும்.

இப்போது சீனி. உப்பு உருகவே 801 டிகிரி செல்சியஸ் வேண்டும். சட்டியில் தண்ணீர் வற்றிய பிறகும் அதற்கு ஒன்றும் ஆகாது. சீனி அப்படியல்ல. பாகு கெட்டியாகக் கெட்டியாக அதன் கொதிநிலை 100 டிகிரியைத் தாண்டி ஏறிக்கொண்டே போகும். 160 டிகிரிக்கு மேல் போனால் சீனி சிதைந்து பழுப்பாகும், பிறகு கரியாகும். அது வேதியியல் மாற்றம். சட்டியில் மிஞ்சுவது சீனியே அல்ல. உங்கள் மகளுக்கு மதிப்பெண் போனது அந்த இடத்தில்தான்.

சீனிக்கு வேறொரு குணம் கைகொடுக்கிறது. 20 டிகிரியில் 100 கிராம் நீரில் சுமார் 200 கிராம் சீனி கரையும். கொதிநிலைக்கு அருகில் அதே நீரில் 480 கிராமுக்கும் மேல் கரையும். ஆகவே சூடான, தெவிட்டிய கரைசலை, அதாவது இனி சீனி கரையாத அளவுக்கு நிறைந்த கரைசலை ஆறவிட்டால், நீரால் தாங்க முடியாத சீனி படிகமாக வெளியே வந்துதான் ஆக வேண்டும். தேக்காவில் வாங்கும் கற்கண்டு இப்படித்தான் உருவாகிறது. நூலைத் தொங்கவிட்டுப் பாகை மெதுவாக ஆறவிட்டால் நூலைச் சுற்றிப் படிகம் வளரும். உப்போ 20 டிகிரியில் 36 கிராம், 100 டிகிரியில் 39 கிராம்தான் கரையும். ஆறவிட்டால் ஏறக்குறைய ஒன்றும் கிடைக்காது. நீரை ஓட்டினால்தான் உப்பு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் பாத்தி கட்டிக் கடல்நீரை வெயிலுக்குக் கொடுப்பது இதனால்தான்.

பள்ளிக்கூடத்து நீலக் கல், அதாவது செப்பு சல்பேட் படிகமும் சீனியின் கட்சிதான். வற்றும்வரை சூடாக்கினால் படிகத்துக்குள் இருக்கும் நீரும் போய், நீலம் மறைந்து வெள்ளைத் தூளாகிவிடும். தேர்வுத்தாளில் இப்படி எழுதட்டும்: தெவிட்டும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, படிகங்களை வடிகட்டி, சிறிது குளிர்ந்த நீரால் கழுவி, வடிதாள்களுக்கு இடையே ஒற்றி உலர்த்துவேன். ‘குளிர்ந்த’ என்ற சொல்லை விட்டுவிட வேண்டாம். சூடான நீரில் கழுவினால் கிடைத்த படிகமே கரைந்து போகும்.

கேள்வி: பேரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். பாலை வடிதாளில் ஊற்றினோம், முழுதும் கீழே இறங்கிவிட்டது. அப்படியானால் பால் கரைசல் என்றுதானே சொல்ல வேண்டும்? – தோ பாயோ வாசகர்

பதில்: இல்லை ஐயா. ஆனால் சோதனை செய்து பார்த்துவிட்டுக் கேட்டிருக்கிறீர்களே, அதற்காக உங்களுக்கும் பேரனுக்கும் என் அன்பு.

பால் ஒரு கூழ்மம், அதாவது கரையாத மிக நுண்ணிய துகள்கள் நீரில் பரவி நிற்கும் கலவை. கடைப் பாலில் கொழுப்புத் துளிகள் பெரும்பாலும் ஒரு மைக்ரோமீட்டர் அளவிலோ அதற்குச் சிறியதாகவோ இருக்கும். மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கேசீன் என்ற புரதத்தின் திரள்கள் அதைவிடவும் சிறியவை. வடிதாளின் துளைகளோ பல மைக்ரோமீட்டர் அகலம். எல்லாம் இறங்கிப் போவதில் வியப்பில்லை. வடிதாளைத் தாண்டுவதெல்லாம் கரைசல் ஆகிவிடாது.

வேறுபாட்டைக் கண்ணால் பார்க்கலாம். ஒரு கண்ணாடிக் குவளை நீரில் சில சொட்டுப் பால் விட்டுக் கலக்குங்கள். இன்னொன்றில் உப்பு நீர். அறையை இருட்டாக்கிக் கைவிளக்கைப் பக்கவாட்டில் அடியுங்கள். உப்பு நீரில் ஒளி போன தடம் தெரியாது. பால் நீரில் தெளிவாகத் தெரியும், லேசான நீல நிறத்தோடு. விளக்குக்கு நேர் எதிரே நின்று பார்த்தால் அதே ஒளி மஞ்சளும் சிவப்புமாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் இதை ஆராய்ந்த ஜான் டிண்டலின் பெயரால் இது டிண்டல் விளைவு எனப்படுகிறது. பேரனின் முகத்தை அப்போது பாருங்கள்!

அப்புறம், அதே பாலைச் சுடவைத்து எலுமிச்சை பிழியுங்கள். அமிலத்தால் கேசீன் திரள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும். இப்போது சாதாரணத் துணியே போதும்: மேலே பன்னீர், கீழே தெளிந்த நீர். அந்த நீரில் பால் சர்க்கரையும் உப்புகளும் கரைந்திருக்கின்றன. அவை துணியில் நிற்கா. வடிகட்டல் கைகொடுக்காதபோது துகளைப் பெரிதாக்கிவிட்டு வடிகட்டுவது மிகப் பழைய உத்தி. கிராமத்தில் பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையை இழைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைத்தார்கள். குடிநீர் ஆலைகளில் படிகாரம் போன்ற பொருள்களைச் சேர்த்து நுண்ணிய களிமண்ணைத் திரளச் செய்வதும் இதே அடிப்படையில்தான்.

கேள்வி: கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ‘எதிர்மறைச் சவ்வூடுபரவல்’ நடக்கிறது என்று படித்தேன். அது வடிகட்டல்தானே? காய்ச்சி வடித்தால் இன்னும் சுத்தமாகக் கிடைக்குமே, ஏன் அப்படிச் செய்வதில்லை? – உயர்நிலை இரண்டு மாணவர், செங்காங்

பதில்: தம்பி, இரண்டாவது கேள்வியில் ஒரு பொறியாளர் பேசுகிறார். அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கொதிநிலையில் இருக்கும் ஒரு கிலோ நீரை ஆவியாக்க மட்டும் சுமார் 2,260 கிலோஜூல் வேண்டும். ஒரு கன மீட்டர், அதாவது ஆயிரம் லிட்டருக்குக் கணக்குப் போட்டுப் பார்: 620 கிலோவாட்-மணிக்கு மேல் வரும். நீ படித்த அந்தச் சவ்வு முறையில் கடல்நீரிலிருந்து அதே அளவு குடிநீர் எடுக்கச் சுமார் 3.5 கிலோவாட்-மணி மின்சாரம் போதும். ஆவியின் வெப்பத்தைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் காய்ச்சி வடிக்கும் பெரிய ஆலைகள் வளைகுடா நாடுகளில் உண்டு. அப்படிச் செய்தாலும் சவ்வின் சிக்கனம் வராது. எரிபொருள் எல்லாவற்றையும் இறக்குமதி செய்யும் நம் சிங்கப்பூருக்கு இது சின்ன விஷயம் அல்ல. முதல் ஆலை 2005இல் துவாஸில் தொடங்கியது. இப்போது ஐந்து இருக்கின்றன. மரினா ஈஸ்ட் ஆலை, மழைக்காலத்தில் நீர்த்தேக்கத்து நீரையும் வறட்சியில் கடல்நீரையும் சுத்திகரிக்கக்கூடியது.

இனி முதல் கேள்வி. வடிதாள் கரையாத துகளைத்தான் தடுக்கும். கடல்நீரில் உப்பு, நீர் மூலக்கூறுகளுக்கு நடுவே தனித்தனி அயனிகளாகப் பரவியிருக்கிறது. வடிதாளுக்கு அது தெரியவே தெரியாது. சவ்வின் செயல்படும் அடுக்கு மிக மெல்லிய பாலிமர். அதில் நீர் மூலக்கூறுகள் நுழைந்து ஊடுருவிப் போகின்றன; நீர் சூழ்ந்த உப்பு அயனிகளால் அவ்வளவு எளிதாகப் போக முடிவதில்லை. ஆக, அளவோடு வேறு குணங்களும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. சும்மா விட்டால் நீர், நன்னீரிலிருந்து உப்புநீர்ப் பக்கம்தான் போகும். அதைத் திருப்பிவிடக் கடல்நீருக்கு ஏறத்தாழ 27 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் கொடுக்க வேண்டும். நடைமுறையில் அதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கொடுக்கிறார்கள். தேர்வில் இதை வடிகட்டல் என்று எழுதாதே.

இதற்குப் பயன்பட்ட முதல் நல்ல சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டி கலிபோர்னியாவில் உருவாக்கிய இருவர் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன். அந்த இரண்டாவது பெயரை உன் வகுப்பில் அவசியம் சொல். நம் புதுநீரும் அதே வழியில் வந்தது. 2003இல் அறிமுகமான அதில், பயன்படுத்திய நீர் முதலில் நுண்வடிகட்டலையும் பிறகு இந்தச் சவ்வையும் கடைசியில் புற ஊதா ஒளியையும் கடக்கிறது.

கேள்வி: கறுப்பு மார்க்கர் மையை வடிதாளில் புள்ளி வைத்து நீரில் நிறுத்தினேன். நிறங்கள் பிரியவில்லை. – தொடக்கநிலை ஆறு மாணவி, ஜூரோங் வெஸ்ட்

பதில்: உன் மார்க்கர் நீரில் கரையாத மையாக இருக்கும், கண்ணு. கரைந்தால்தானே நீரோடு ஏறும்? நீரில் கழுவினால் போகிற வண்ணப் பேனாவை எடுத்துக்கொள். அந்த மார்க்கரையே பார்க்க வேண்டும் என்றால், மருந்துக் கடையில் கிடைக்கும் தேய்ப்பு ஆல்கஹாலைப் பெரியவர் ஒருவர் ஊற்றித் தரட்டும், அடுப்பிலிருந்து தள்ளி. எப்படியும், புள்ளி வைக்கும் கோட்டைப் பென்சிலால் போடு. புள்ளி திரவத்துக்கு மேலே இருக்க வேண்டும், உள்ளே மூழ்கக் கூடாது.

கேள்வி: ஜூரோங் தீவில் வேலை செய்கிறேன். கச்சா எண்ணெயைக் கொதிநிலைப்படி பகுதி பகுதியாகப் பிரிக்கும் பின்னக் காய்ச்சி வடித்தலில் பெட்ரோலைத் தனியாகப் பிரிக்கிறோம். அப்போது பெட்ரோல் தூய பொருள் ஆகிவிடுகிறதா? – சுவா சூ காங் வாசகர்

பதில்: இல்லை. காய்ச்சி வடிக்கும் கோபுரத்திலிருந்து வரும் ஒவ்வொரு பின்னமும், அதாவது பிரிந்த பகுதியும், கொதிநிலை நெருங்கிய பல ஹைட்ரோகார்பன்களின் (கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சேர்மங்களின்) கலவைதான். பெட்ரோல் ஒரே வெப்பநிலையில் கொதிக்காது. ஏறத்தாழ 40 டிகிரியில் தொடங்கி 200 டிகிரி வரை நீளும். தூய பொருளுக்குக் குறிப்பிட்ட அழுத்தத்தில் ஒரே கொதிநிலை.

ஆனால் இதைத் தலைகீழாகப் போட்டு, ஒரே வெப்பநிலையில் கொதிப்பதெல்லாம் தூய பொருள் என்று சொல்லிவிட முடியாது. எத்தனாலும் நீரும் கலந்த கலவையைத் திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 விழுக்காட்டு எத்தனாலோடு நின்றுவிடும். அந்த நிலையில் திரவத்திலும் ஆவியிலும் ஒரே விகிதம். கொதிப்பதும் 78.2 டிகிரியில், மாறாமல். இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்பார்கள். மீதி நீரை எடுக்கத் தொழிற்சாலைகளில் மூலக்கூறுச் சல்லடை என்ற நுண்துளைப் பொருளைப் பயன்படுத்துகிறார்கள். அதன் துளைக்குள் நீர் மூலக்கூறு நுழைந்து தங்கிவிடும். எத்தனால் மூலக்கூறு பெரியது, நுழையாது.