பிளானோவில் பள்ளிகளை மூடுகிறார்களே, வரலாமா?

தம்பி, ஆகஸ்டில் குடும்பத்தோடு டாலஸ் வருகிறீர்கள், மகளுக்கு இரண்டாம் வகுப்பு. டாலஸ் பக்கத்து ஊரான பிளானோவின் பள்ளி மாவட்டத்தில் (பிளானோ ஐஎஸ்டி) பள்ளிகளை மூடுகிறார்களாமே, அடுத்த ஊரான பிரிஸ்கோவிலேயே வீடு வாங்கிவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். பதினைந்து வருஷமாக பிளானோவாசி நான், அதனால் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ந்துதான் பேசுவேன்.

மூடியது உண்மைதான். 2024 ஜூனில் பள்ளி மாவட்டத்தின் போர்டு நான்கு பள்ளிகளுக்கு முடிவு கட்டியது: இரண்டு தொடக்கப் பள்ளி, இரண்டு மிடில் ஸ்கூல். காரணம், பிள்ளைகள் இல்லை. 2012 வாக்கில் 55 ஆயிரத்துக்கு மேல் இருந்த மாணவர்கள், அப்போது 48 ஆயிரம் அளவுக்கு இறங்கியிருந்தார்கள். எங்கள் தெருவில் முன்பெல்லாம் பிள்ளைகள் வீடு வீடாக மிட்டாய் கேட்டு வரும் ஹாலோவீன் ராத்திரி எட்டு மணிக்குள் ஐந்து பை மிட்டாய் காலியாகும். போன வருஷம் வாங்கிய ஒரு பையிலேயே பாதி மிச்சம். பிள்ளைகள் காலேஜுக்குப் போய்விட்டார்கள், பெற்றோர் வீட்டை விட்டு நகரவில்லை (நானும்தான்). சின்னப் பிள்ளைக்காரர்களுக்கு இங்கே விலை கட்டுப்படியாகாமல் பிராஸ்பர், செலைனா என்று வடக்கே போகிறார்கள். பிரிஸ்கோவும் தப்பவில்லை. அங்கேயும் 2024 டிசம்பரில் ஒரு மிடில் ஸ்கூலை மூட முடிவெடுத்தார்கள்.

பணக்கார ஊர்தானே, வீட்டு வரி கொட்டுமே என்பீர்கள். கொட்டுகிறது, ஆனால் முழுவதும் இங்கே தங்குவதில்லை. ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு இவ்வளவு என்று டெக்சஸ் மாநிலம் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அதற்கு மேல் வசூலாவதை வாங்கி மற்ற ஊர்களுக்குப் பிரித்துக்கொடுக்க 1993-லிருந்தே ஓர் ஏற்பாடு உண்டு, ‘ராபின் ஹூட்’ என்பார்கள். அந்தக் கணக்கின் அடிப்படைத் தொகை 2019-லிருந்து 6,160 டாலரிலேயே நின்றது. 2025-ல் கூட்டினார்கள், 55 டாலர்! ஒரு தடவை மளிகைக் கடைக்குப் போய்வந்தால் தீர்ந்துபோகிற காசு. அதுவும் பதிவேட்டில் இருக்கிற பிள்ளைக்கு இல்லை, தினமும் வகுப்பில் வந்து உட்கார்கிற பிள்ளைக்கு. டிசம்பர் லீவை இரண்டு வாரம் நீட்டி ஊருக்குப் போகிறோமே, அதில் பள்ளிக்குப் பணம் குறையும் என்பது எனக்கே பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது.

அப்புறம், இணையதளங்கள் பள்ளிகளுக்குப் போடுகிற இந்த ‘பத்துக்குப் பத்து’ ரேட்டிங். அதில் நல்ல பங்கு, பெற்றோரின் சம்பளத்துக்குப் போட்ட மார்க் மாதிரிதான். மாநிலம் தருகிற ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரையிலான கிரேடில், பிள்ளைகள் போன வருஷத்திலிருந்து எவ்வளவு முன்னேறினார்கள் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. அதைப் பாருங்கள்.

சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி என்று ஒரு படிவம் கேட்கும். தமிழ் என்று எழுதினால் மகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார்கள். அதற்குப் பயந்து ‘இங்கிலீஷ்’ என்று எழுதுகிறவர்கள் நம்மில் நிறையப் பேர். நாங்கள் தமிழ் என்றே எழுதினோம். மூத்தவளுக்கு ஒரு வருஷம் தனிக் கவனம் கிடைத்தது, அதற்குப் பள்ளிக்கும் மாநிலம் கூடுதல் பணம் தரும்.

வீடு மட்டும் உடனே வாங்காதீர்கள். எந்தத் தெருவுக்கு எந்தப் பள்ளி என்ற எல்லையை எப்போது வேண்டுமானாலும் மாற்றுவார்கள். முதல் வருஷம் வாடகைக்கு இருங்கள். கரண்ட் பில் உங்கள் பெயரில் வரட்டும், பள்ளியில் முகவரிச் சான்றாகக் கேட்பார்கள். மகளின் தடுப்பூசி அட்டையை செக்-இன் பெட்டியில் போடாமல் கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.