ஆற்றில் சமமாக நின்ற கப்பல், கடலுக்கு வந்ததும் அணியம் (முன்பக்கம்) தூக்குவது ஏன்?

கேள்வி: நான் ராயபுரத்துக்காரன். நிலக்கரிக் கப்பலில் மூன்றாம் அதிகாரியாகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. ஹூக்ளி ஆற்றங்கரை ஹால்தியாவில் கரி ஏற்றிக்கொண்டு எண்ணூர் வந்தோம். கிளம்பும்போது முன்னும் பின்னும் ஒரே டிராஃப்ட் (தண்ணீருக்குள் அமிழ்ந்த ஆழம்), சுமார் 8 மீட்டர். அங்கே ஹைட்ராமீட்டர் (ஒரு கன மீட்டர் தண்ணீர் எத்தனை டன் என்று காட்டும் கருவி) 1.005 காட்டியது, எண்ணூரில் 1.021. வழியில் செலவான எண்ணெய், நல்ல தண்ணீர் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும், பின்பக்கத்தைவிட முன்பக்கம் 4 செ.மீ. கூடுதலாக எழுந்திருந்தது. தண்ணீரின் அடர்த்தி மாறியதுதான் காரணம் என்றார் சீஃப் ஆபீஸர். கப்பல் மொத்தமாக மேலே வருவது புரிகிறது. ஒரு பக்கம் மட்டும் ஏன் கூடுதலாக வர வேண்டும்? ஸ்டெபிலிட்டியும் மாறுமா? அப்பா காசிமேட்டில் படகு ஓட்டுகிறார். அவருக்கும் புரிகிற மாதிரி சொன்னால் நல்லது.

பதில்: உங்கள் சீஃப் ஆபீஸர் சொன்னது சரி. அந்த 4 செ.மீ. வித்தியாசத்தை அலட்சியம் செய்யாமல் கணக்குப் போட்டுப் பார்த்து, ஏன் என்று கேட்டீர்களே, அதற்காகவே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஊர்ப்பக்கம் விதைநெல் பிரிக்கும்போது ஒரு வாளித் தண்ணீரில் கோழிமுட்டையைப் போட்டு, அது மிதந்து நாலணாக் காசளவு மேலே தெரியும் வரை உப்பைக் கரைப்பார்கள். முட்டை அதே முட்டைதான். உப்பு ஏற ஏறத் தண்ணீர் கனத்துவிடுகிறது, அதனால் குறைந்த அளவு தண்ணீரை விலக்கினாலே முட்டையைத் தாங்கப் போதுமானதாகிவிடுகிறது. கப்பலுக்கும் அதே கதைதான்.

உங்கள் கப்பலின் அட்டவணை என்னிடம் இல்லை. அந்த அளவுக் கப்பலுக்குப் பொருந்துகிற எண்களை வைத்துப் போடுகிறேன். கரியோடு சேர்த்து மொத்த எடை 45,000 டன் என்று கொள்ளுங்கள். ஹால்தியாத் தண்ணீரில் இதைத் தாங்க 45,000-ஐ 1.005-ஆல் வகுக்க வேண்டும்: சுமார் 44,776 கன மீட்டர். எண்ணூரில் 1.021-ஆல் வகுத்தால் 44,074. ஆக, 702 கன மீட்டர் அளவு கப்பல் தண்ணீருக்கு மேலே வந்தாக வேண்டும். டி.பி.சி. (கடல்நீரில் கப்பல் ஒரு செ.மீ. இறங்க ஏற்ற வேண்டிய டன்) 62 என்றால் மிதவைத்தளத்தின், அதாவது தண்ணீர்மட்டத்தில் கப்பலின் வெட்டுமுகத்தின், பரப்பு ஏறக்குறைய 6,049 சதுர மீட்டர். வகுத்தால் 11.6 செ.மீ. இது மொத்தமாக எழும் உயரம்.

சரி, இப்போது உங்கள் கேள்விக்கு வருவோம். அந்த 702 கன மீட்டர் கப்பலின் எந்தப் பகுதியிலிருந்து வெளியே வந்தது? அடியிலிருந்து அல்ல. தண்ணீர்மட்டத்தை ஒட்டி, அடை மாதிரி மெல்லிசாக இருந்த ஓர் அடுக்கிலிருந்து. அந்த அடுக்குக்கு ஒரு மையம் உண்டு. அதைத்தான் அட்டவணையில் எல்.சி.எஃப். என்று போட்டிருக்கிறார்கள். தண்ணீருக்குள் இருக்கும் முழு உடம்புக்கும் ஒரு மையம் உண்டு. அது எல்.சி.பி. இந்த இரண்டும் ஒரே இடத்தில் இருந்தால் கப்பல் சமமாகவே எழும். ஆனால் பெரும்பாலும் இருப்பதில்லை.

அடுத்த தடவை கப்பலை டிரை டாக்கில் ஏற்றும்போது கீழே இறங்கி நின்று பாருங்கள். அணியம் அடி வரைக்கும் பருத்து, பானை வயிறு போல இருக்கும். அமரம் (பின்பக்கம்) அப்படியல்ல. ப்ரொப்பெல்லருக்குத் தண்ணீர் தடையில்லாமல் ஓட வேண்டும் என்பதால் அடிப்பகுதியில் ஒடுங்கிப்போய், மேலே போகப்போக அகலும். அதனால் உடம்பின் மையம் முன்னே விழுகிறது, தண்ணீர்மட்டத்து அடுக்கின் மையம் அதற்குப் பின்னே விழுகிறது. நம் கணக்குக்கு எல்.சி.பி. நடுக்கப்பலிலிருந்து 7 மீட்டர் முன்னே, எல்.சி.எஃப். 2.5 மீட்டர் முன்னே என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவெளி 4.5 மீட்டர்.

கடலுக்கு வந்ததும் பின்னே மையம் கொண்ட அடுக்கு வெளியே போய்விடுகிறது. மிச்சமிருக்கும் தாங்கலின் மையம் கொஞ்சம் முன்னே நகர்கிறது. கப்பலின் எடையோ இருந்த இடத்திலேயே இருக்கிறது. அப்பாவிடம் காவடியைச் சொல்லுங்கள். காவடித் தண்டு அப்படியே இருக்க, தோளை மட்டும் ஓர் அங்குலம் முன்னே நகர்த்தினால் முன்முனை தூக்கும், பின்முனை தாழும். தண்ணீர்தான் தோள்.

கணக்கு: 702 கன மீட்டரை 1.021-ஆல் பெருக்கினால் 716 டன் அளவுத் தாங்கல். அதை 4.5 மீட்டரால் பெருக்கினால் சுமார் 3,224 டன்-மீட்டர். டிரிம் என்பது முன்-பின் டிராஃப்ட் வித்தியாசம்; அதை ஒரு செ.மீ. மாற்றத் தேவையான டன்-மீட்டர்தான் எம்.சி.டி.சி. அது 800 என்றால் டிரிம் மாற்றம் 4 செ.மீ. நீங்கள் பார்த்ததும் அதே 4. ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரித்தால் முன்பக்கம் 13.6 செ.மீ., பின்பக்கம் 9.6 செ.மீ. எழுந்திருக்கும். கவனியுங்கள், பின்பக்கமும் எழுந்துதான் இருக்கிறது, முன்பக்கத்தைவிடக் குறைவாக. அமரம் இறங்கிவிட்டது என்று இதைத் தவறாக எழுதிவைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்பிப் போகும்போது எல்லாம் தலைகீழ். சரக்கோடு கடலிலிருந்து ஹூக்ளிக்குள் நுழைகிற கப்பல் மொத்தமாக இறங்கும், கூடவே தலையும் சாயும். உங்கள் கப்பல் மாதிரி பருமனான கப்பல் ஆழம் குறைந்த தண்ணீரில் வேகமாகப் போனால் ஸ்குவாட் (ஓட்டத்தில் அடியில் நீரழுத்தம் குறைந்து கப்பல் இறங்குவது) காரணமாகவும் பெரும்பாலும் தலைதான் சாயும். இரண்டும் ஒன்று சேர்வது ஆற்றில்தான், அதுவும் மணல்திட்டுகளுக்கு மேலே. நடு டிராஃப்டை மட்டும் பார்த்து அடியில் ஆழம் இருக்கிறது என்று முடிவு செய்யாதீர்கள்.

ஸ்டெபிலிட்டி பற்றிக் கேட்டீர்கள். ஆறு என்றாலே ஜி.எம். (சாய்ந்த கப்பல் திரும்ப நிமிரும் திறனைக் காட்டும் உயரம்) குறையும் என்று மனப்பாடமாகச் சொல்பவர்கள் உண்டு. எப்போதும் அப்படி இல்லை. கப்பல் இறங்கும்போது இரண்டு காரியங்கள் எதிரெதிராக நடக்கின்றன. மிதப்பு மையம் மேலே வருகிறது, அது நல்லது. விலக்கிய தண்ணீரின் கன அளவு கூடுவதால் பி.எம். (மிதப்பு மையத்திலிருந்து ஜி.எம்.மின் மேல்முனை வரையான உயரம்) குறைகிறது, அது கெட்டது. எது ஜெயிக்கும் என்பதை அகலமும் டிராஃப்டும் தீர்மானிக்கும். பெட்டி வடிவக் கப்பலுக்கு எல்லைக்கோடு, அகலத்தில் 0.408 பங்கு டிராஃப்ட். 32 மீட்டர் அகலத்துக்கு அது 13 மீட்டர். நீங்கள் 8 மீட்டரில் இருந்தீர்கள், கோட்டுக்குக் கீழே. அதனால் ஆற்றில் ஜி.எம். சற்றுக் குறைவு, கடலுக்கு வந்ததும் கூடுதல். பெட்டிக் கணக்கில் 11.6 செ.மீ. எழுந்ததற்கு 10 செ.மீ.க்குள் வரும். கரிக் கப்பலுக்குக் கையில் இருக்கும் ஜி.எம்.மோடு பார்த்தால் இது சின்னதுதான். மேல்தளத்தில் கண்டெய்னரோ மரமோ உயரமாக அடுக்கி, ஜி.எம். குறைவாக வைத்து ஓட்டும் கப்பலில் இதையே நான் ஒதுக்க மாட்டேன்.

ஜி.எம்.மைவிட எனக்குக் கவலை ஃப்ரீபோர்டு (தண்ணீர்மட்டத்திலிருந்து மேல்தளம் வரையான உயரம்). இறங்கிய கப்பலின் மேல்தள ஓரம் சாயும்போது சீக்கிரமே தண்ணீரைத் தொடும். இதை அப்பாவுக்கு நான் சொல்லவே வேண்டாம். ஐஸும் மீனும் ஏற்றிப் படகு விளிம்பு தாழ்ந்து வரும் நாளில் அவர் எப்படி ஓட்டுவார் என்று கேட்டுப்பாருங்கள்.

இனி ஹைட்ராமீட்டர். இந்தக் கணக்கு அத்தனையும் அந்தக் கண்ணாடிக் குழாயை நம்பித்தான் நிற்கிறது. இந்த எடைக்கு, வாசிப்பில் 0.001 தவறினால் சுமார் 44 டன் கரி கணக்கில் கூடும் அல்லது குறையும். டிராஃப்டை வைத்துச் சரக்கின் எடை காணும் டிராஃப்ட் சர்வேயில் அது சாதாரண விஷயமே இல்லை.

நான் இளம் அதிகாரியாக இருந்தபோது, ஒரு நவம்பர் மழைக்குப் பிறகு சென்னைத் துறைமுகத்தில் வாளியை மேலாக விட்டு ஒரே ஒரு மாதிரி எடுத்தேன். 1.012 காட்டியது. கப்பலில் இருந்த மூத்தவர் ஒருவர் அதை ஏற்கவில்லை. மூடியிட்ட மாதிரிக் குப்பியை டிராஃப்டின் பாதி ஆழத்துக்கு இறக்கி எடுக்கச் சொன்னார். 1.020. மழைத்தண்ணீரும் பக்கத்துக் கூவம் முகத்திலிருந்து வந்த தண்ணீரும் மேலே ஒரு போர்வை மாதிரி படிந்திருந்தன. கப்பல் மிதந்ததோ முழு ஆழத்துத் தண்ணீரில். அன்றிலிருந்து முன், நடு, பின் என மூன்று இடத்திலும், வெவ்வேறு ஆழத்திலும் எடுக்காமல் நான் கையெழுத்துப் போட்டதில்லை. எண்ணூரிலும் கழிமுகம் பக்கத்தில்தான் இருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

எடுக்கும்போது என்ஜின் குளிர்நீர் வெளியேறும் பக்கம் வேண்டாம். வாளியை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கோ ஒட்டிய குமிழியோ இருந்தால் துடைத்துவிட்டு மெல்லச் சுழற்றி விடுங்கள். குழாயை ஒட்டித் தண்ணீர் சற்று மேலே ஏறி நிற்கும், அதைப் படிக்காதீர்கள். கண்ணைத் தண்ணீர்மட்டத்துக்குக் கொண்டுவந்து, தட்டையான மட்டம் கோட்டை வெட்டும் இடத்தைப் படியுங்கள். வெயிலில் வாளியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், தண்ணீர் சூடானால் எண் மாறும்.

நம் கடற்கரையில் 1.025 வரவில்லையே என்று கருவியைச் சந்தேகப்படவும் வேண்டாம். வழக்கமான உப்பு இருந்தாலும், 28, 29 டிகிரி வெப்பத்தில் கடல்நீர் 1.022 பக்கம்தான் நிற்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வடக்கே கங்கை, மகாநதி, கோதாவரி, கிருஷ்ணா கொண்டுவந்து கொட்டிய நன்னீர் கரையோர நீரோட்டத்தில் தெற்கே இறங்கி வருவதால் இன்னும் குறையும்.

இன்னொரு பொறி. சுமைக்கோட்டுச் சான்றிதழில் எஃப்.டபிள்யூ.ஏ. என்று ஓர் எண் இருக்கும். கடல்நீரிலிருந்து (1.025) நன்னீருக்கு (1.000) வந்தால் கப்பல் எவ்வளவு இறங்கும் என்பது அது. கோடைக்கால டிஸ்பிளேஸ்மென்ட்டை (கோடைக் கோடு வரை அமிழ்ந்த கப்பலின் மொத்த எடை) நான்கு மடங்கு டி.பி.சி.யால் வகுத்தால் அது மில்லிமீட்டரில் வரும். 75,000 டன், டி.பி.சி. 66 என்றால் 284 மி.மீ. அதை வைத்து 1.005-க்கும் 1.021-க்கும் இடையிலான, 25-இல் 16 பங்கைக் கணக்கிட்டால் 182 மி.மீ. என்று வரும். நாம் மேலே கண்டது 116. எஃப்.டபிள்யூ.ஏ. முழுச் சுமையில் கோடைக் கோடு வரை அமிழ்ந்த கப்பலுக்கானது. ஹூக்ளியின் ஆழத்துக்காக 8 மீட்டரில் நிறுத்திய கப்பலுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. அந்த இடத்தில் கன அளவுக் கணக்கைத்தான் போட வேண்டும்.

சமநிலைக்காகத் தண்ணீர் நிரப்பும் பேலஸ்ட் தொட்டிக்கும் இதே கவனம் வேண்டும். ஆற்றில் நிரப்பிய 1,000 கன மீட்டரை 1.025 என்று எழுதினால், 1.005 தண்ணீரில் 20 டன் இல்லாத எடை ஏட்டில் ஏறிவிடும்.

அடுத்த பயணத்தில் எண்ணூருக்குச் சமமாக வந்து சேர வேண்டுமென்றால், எண்ணெய்ச் செலவுக் கணக்கோடு இந்த 4 செ.மீ.யையும் சேர்த்து, ஹால்தியாவிலேயே அந்த அளவு தலை சாய்த்து ஏற்ற வேண்டியிருக்கும். ஆனால் ஆற்றில் அந்த முன் டிராஃப்ட்டுக்கு ஆழம் போதுமா என்று முதலில் பாருங்கள். போதாதென்றால் சமமாகவே ஏற்றிக்கொண்டு, எண்ணூரில் 4 செ.மீ. அமரம் தாழ்ந்து நிற்கட்டும். கரி இறக்க அது எந்த இடைஞ்சலும் தராது.