வீட்டிலிருந்து வேலை, வெளிநாட்டுக் குழு: உங்கள் கேள்விகளுக்கு என் பதில்கள்

திருநெல்வேலியில் இருந்தபடியே நியூயார்க் குழு ஒன்றோடு ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கேட்டவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அக்கா, ஸ்லாக்கில் (அலுவலக சாட் ஆப்) கேட்டால் பதில் வரவே இரண்டு நாள் ஆகிறது. (சேலம்)

என்ன எழுதி அனுப்புகிறீர்கள் தம்பி? மதியம் 3 மணிக்கு "ஹாய், இருக்கீங்களா?" என்று போட்டால், கோடையில் அங்கே விடிகாலை 5:30. அவர் 9 மணிக்கு உட்கார்ந்து "சொல்லுங்க" என்பார். அப்போது நமக்கு மாலை 6:30, நீங்கள் கிளம்பியிருப்பீர்கள். ஒரு நாள் போச்சு. இப்படி எழுதிப் பாருங்கள்: "பில்லில் பழைய வரி விகிதம் வருகிறது, ஸ்கிரீன்ஷாட் இணைத்திருக்கிறேன். செட்டிங்ஸில் மாற்றினால் போதும் என நினைக்கிறேன். வேண்டாம் என்றால் நாளை நான் வேலையைத் தொடங்குவதற்குள் சொல்லுங்கள்." நீங்கள் தூங்கும்போது அவரே முடிவெடுக்க அதில் எல்லாம் இருக்கிறது.

நவம்பர் வந்தால் மீட்டிங் நேரம் குழம்புகிறதே? (ஓசூர்)

அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், நவம்பர் முதல் ஞாயிறு பின்னே வைப்பார்கள். அதனால் அவர்களின் காலை 9 மணி குளிர்காலத்தில் நமக்கு இரவு 7:30. குழுவில் லண்டன்காரர்களும் இருந்தால் இன்னும் குழப்பம்: அங்கே மாற்றுவது மார்ச், அக்டோபர் மாதங்களின் கடைசி ஞாயிறு. அந்த இடைப்பட்ட வாரங்களில்தான் ஆள் ஆளுக்கு ஒரு நேரத்தில் வந்து நிற்பார்கள்.

கேமரா கட்டாயமா?

முதல் அறிமுகத்துக்கு வையுங்கள். தினசரி ஸ்டாண்டப்புக்கு (அன்றாட வேலை நிலவரம் சொல்லும் சிறு கூட்டம்) வேண்டாம்.

நான் வாய் திறப்பதற்குள் அடுத்தவர் பேசிவிடுகிறார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று நினைப்பார்களோ? (மதுரை, வேலையில் சேர்ந்து நான்கு மாதம்)

உங்களிடம் குறை இல்லை அம்மா. அழைப்பில் குரல் கொஞ்சம் தாமதித்துத்தான் போய்ச் சேரும். நேரில் போல மூச்சு விடும் இடைவெளி பார்த்து நுழைய முடியாது. நானும் முதல் வருஷம் அழைப்பு முடிந்ததும் அழுதிருக்கிறேன். உங்கள் டீம் லீடிடம் ஒன்று கேளுங்கள்: கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடம் யாரும் பேசாமல், எல்லோரும் ஒரே கூகுள் டாக்கில் தங்கள் கருத்தை எழுதட்டும். பேச்சு அதற்குப் பிறகு. எங்கள் குழுவில் இதைத் தொடங்கியபோது, அதுவரை வாயே திறக்காத இருவர் எழுதியதைத்தான் கடைசியில் செய்தோம். லீடுகளே, இது உங்கள் பொறுப்பு.

"ஓகே." என்று மட்டும் பதில் வந்தால் கோபமா? (கோவை)

எழுத்தில் குரல் கேட்காது, ஊகிக்காதீர்கள். ஒரே விஷயத்தில் இரண்டு முறை எழுத்தில் முட்டிக்கொண்டால் மூன்றாவது முறை எழுதாமல் போன் போடுங்கள். பேசி எடுத்த முடிவை அதே இடத்தில் இரண்டு வரி எழுதிவிடுங்கள். அப்போது தூங்கிக்கொண்டிருந்தவருக்கும் தெரிய வேண்டுமே.